குளத்துல முங்குறது சரி... மூக்கு ஜாக்கிரதை!

பரீட்சை முடிந்தாச்சு. பெட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் தாத்தா ஊருக்குக் கிளம்பியாச்சு. பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவர்கள் தேடுவது பாட்டி சுட்டு வைத்திருக்கும் முறுக்கை அல்ல, ஊர்க் கண்மாயை! “ரெண்டே ரெண்டு முங்கு போட்டுட்டு வந்துடறோம் பாட்டி...” என்று ஓடுகிற கூட்டம், கண் சிவந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, சாப்பாட்டு வேளை தாண்டித்தான் வீடு திரும்பும்.

குளிக்க விடாதீர்கள் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. நீச்சல் தெரியாமல் வளர்கிற பிள்ளைக்குத்தான் தண்ணீரால் ஆபத்து அதிகம். ஆனால், சித்திரை, வைகாசி வெயிலில் பாதி வற்றிப்போய், வெதுவெதுப்பாக, அசையாமல் கிடக்கிற தண்ணீர் வேறு. ஐப்பசியில் நிரம்பித் தளும்புகிற தண்ணீர் வேறு. இந்த வித்தியாசம் தெரிந்துதான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.

ஓடுகிற ஆற்றில் அழுக்கு தங்காது. ஆழமான ஏரியில் மேல்தண்ணீர் சூடாக இருந்தாலும் கீழே குளிர்ச்சி இருக்கும். கோடையில் வற்றிய குளம் அப்படியில்லை. இடுப்பளவு, முழங்கால் அளவு தண்ணீர் நாள் முழுக்க வெயிலில் காய்கிறது. அடியில் சேறு. அதில் மக்கிய இலை, மாட்டுச் சாணம், அவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியா, அந்த பாக்டீரியாவைத் தின்று பெருகும் இன்னும் பெரிய கிருமிகள்... ஒரு பெரிய விருந்தே நடக்கிறது! அதற்குள்தான் நம்ம பையன் மரத்திலிருந்து ‘தொபுக்கடீர்’ என்று குதிக்கிறான். சேறு கலங்கி மேலே வருகிறது. மூக்கு வழியாகத் தண்ணீர் ‘சுர்’ரென்று ஏறுகிறது.

மூக்கில் ஏறும் அமீபா

கேரளத்தில் சில வருஷங்களாகப் பெரிய பேச்சாக இருக்கும் ‘மூளையைத் தின்னும் அமீபா’ பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பெயர் நெக்லேரியா ஃபௌலெரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிரி. ஆஸ்திரேலியாவில் ஃபௌலர், கார்ட்டர் என்ற இரண்டு டாக்டர்கள் 1965-ல் இந்த நோயை முதன்முதலாக உலகத்துக்குச் சொன்னார்கள். அந்த ஃபௌலரின் பெயர்தான் கிருமிக்கும் வந்தது.

இதற்குச் சூடு என்றால் கொள்ளைப் பிரியம். 46 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கி வளரும். நம் உடம்புச் சூடே 37 டிகிரிதான் என்பதை நினைத்துப் பாருங்கள்! கடல் நீரின் உப்பில் இது வாழாது. சரியான அளவு குளோரின் போட்ட நீச்சல் குளத்திலும் பிழைக்காது. குளோரினைக் கணக்கில்லாமல் மறந்துவிடுகிற நீச்சல் குளத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்தத் தண்ணீரைக் குடித்தால் நோய் வருவதில்லை. வயிற்றுக்குள் போனால் கிருமி செத்துவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது. அதற்கு இருப்பது ஒரே வாசல்... மூக்கு. மூக்கின் உச்சியில், கண்களுக்கு நடுவே, சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள் உள்ள மெல்லிய எலும்பு இருக்கிறது. வாசனையை அறியும் நரம்பு இழைகள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. வேகமாக ஏறிய தண்ணீரோடு வந்த அமீபா அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறது. சாதாரணமாக பாக்டீரியாவைத் தின்னும் பிராணி, அங்கே போனதும் மூளைத் திசுவைத் தின்ன ஆரம்பிக்கிறது.

குளித்த 1 நாளிலிருந்து 12 நாளுக்குள், பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில், நோய் தலைகாட்டும். முதலில் கடுமையான தலைவலி, ஜுரம், வாந்தி. சில பேருக்கு வாசனை, ருசி மாறிப்போகும். பிறகு கழுத்து விறைத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் கண் கூசும். பையன் சம்பந்தமில்லாமல் பேசுவான், ஃபிட்ஸ் வரும். அதற்கப்புறம் நாட்கள் அதிகம் இல்லை. நோய் ஆரம்பித்து ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்ட கதைகள்தான் ஏராளம். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பிழைப்பதில்லை என்பது உலக அனுபவம்.

உடனே குளத்துக்குப் பூட்டுப் போட்டுவிடாதீர்கள்! இது ரொம்ப ரொம்ப அபூர்வமான நோய். கோடிக்கணக்கானவர்கள் குளத்தில் குளிக்கிறார்கள். விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் வருகிறது. அமெரிக்காவில் 1962-லிருந்து அறுபது வருஷத்துக்கு மேல் கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்தமே சுமார் 165 பேர். ஆனால், அதில் பிழைத்தவர்கள் 4 பேர்தான். பாதிக்கப்பட்டவர்களில் ஆண் பிள்ளைகளே அதிகம். வேறு காரணம் தேட வேண்டாம், குதிக்கிறவர்களும் முங்கி மண்ணெடுக்கிறவர்களும் அவர்கள்தானே!

அந்த நாலு பேரில் ஒருத்தி ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி. 2013-ல் அவளைக் காப்பாற்றிய மருந்துகளில் ஒன்று மில்டிஃபோசின். நம் நாட்டில் பீகார் பக்கம் காலா அசார் நோய்க்குக் கொடுத்து வந்த அதே மாத்திரை! அதோடு ஆம்ஃபோடெரிசின் உள்ளிட்ட வேறு சில மருந்துகளையும் கொடுத்து, உடம்பைக் குளிர வைத்து மூளை வீக்கத்தைக் குறைத்தார்கள். ஆக, மருந்தே இல்லாத நோய் இல்லை. நேரம்தான் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் உண்டு.

ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றியது

2024 கோடையிலும் அதையொட்டிய மழைக்காலத்திலும் வடகேரளத்தில் அடுத்தடுத்து சிறுவர் சிறுமியர் இந்த நோயில் இறந்தார்கள். அந்த ஜூலையில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கும் ஜுரம், தலைவலி, ஃபிட்ஸ். அவனுடைய அப்பா இந்த நோயைப் பற்றிய விழிப்புணர்வுச் செய்தியைப் படித்திருந்தார். டாக்டரிடம், “இவன் குளத்துல குளிச்சான் சார்” என்ற விஷயத்தைத் தானாகவே எடுத்துச் சொன்னார். டாக்டர்கள் அந்தக் கோணத்தில் சோதனை செய்தார்கள், மருந்து நேரத்தோடு உள்ளே போனது, பையன் பிழைத்தான். இந்த நோயிலிருந்து பிழைத்த முதல் இந்தியர் என்று அப்போது சொல்லப்பட்டது.

அந்த அப்பா டாக்டர் இல்லை. அவர் சொன்னதும் பெரிய மருத்துவ உண்மை இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஜுரம், வாந்தி, கழுத்து விறைப்பு என்றால் எந்த டாக்டரும் முதலில் வழக்கமான மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைப்பார். நினைக்க வேண்டியதும் அதுதான்; அதுதானே அதிகம் வருகிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரை, ஃபிரிட்ஜில் வைக்காமல் அப்போதே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அமீபா நகர்வது தெரியும். ஆனால், ‘அமீபாவையும் தேடிப் பாருங்கள்’ என்று லேபுக்குச் சொல்ல, டாக்டருக்கு ஒரு சந்தேகமாவது வர வேண்டாமா? அதைக் கிளப்புவது நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான்.

பிள்ளைக்குக் கடும் தலைவலியுடன் ஜுரம் வந்தால், கடந்த இரண்டு வாரத்தில் எங்கே, எந்தத் தண்ணீரில் குளித்தான் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஊரிலிருந்து திரும்பி வந்தபிறகு ஜுரம் வந்தால் இது இன்னும் முக்கியம். சென்னை ஃபிளாட்டில் இருக்கும் பிள்ளை போன வாரம் ராமநாதபுரம் ஊருணியில் கிடந்தான் என்று டாக்டர் ஜோசியமா பார்ப்பார்? பையனும் திட்டு விழும் என்று மறைப்பான். “அடிக்க மாட்டேன், குளிச்சியா இல்லையா, சொல்லு” என்று நயமாகக் கேட்டு வாங்குங்கள்.

2025-ல் கேரளத்தில் எண்ணிக்கை இன்னும் கூடியது. அக்காந்தமீபா போன்ற வேறு வகைகளும் அந்தக் கணக்கில் உண்டு. கைக்குழந்தை வரை பாதிப்பு வந்ததால், கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் போடும் வேலையில் அங்கே அரசாங்கமே இறங்கியது.

தடுப்பது சுலபம். வெதுவெதுப்பான, வற்றிய தண்ணீரில் தலை முங்க வேண்டாம், குதிக்க வேண்டாம், அடியில் மண்ணைக் கிளற வேண்டாம். கழுத்தளவு நின்று குளிக்கட்டும். சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். நீச்சல் பழகுகிறவர்களுக்கு மூக்கை இறுக்கும் கிளிப் ஸ்போர்ட்ஸ் கடையில் கிடைக்கிறது. கிளிப் இல்லையா? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இருக்கவே இருக்கு!

மூக்கைப் பற்றியே இன்னொரு விஷயம். சைனஸ் தொல்லைக்காக மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவும் ‘ஜல நேத்தி’ இப்போது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே விடாதீர்கள். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2011-ல் இப்படிக் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் இதே அமீபாவுக்குப் பலியானார்கள். கொதிக்க வைத்து ஆறின தண்ணீர்தான் மூக்குக்கு.

நம்ம ஊர் விருந்தாளி

அமீபா அபூர்வம். ஆனால் சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை பக்கத்து காது-மூக்கு-தொண்டை டாக்டர்களைக் கேட்டால், குளத்துக் குளியலால் வரும் இன்னொரு மூக்கு வியாதியைக் கதை கதையாகச் சொல்வார்கள். ரைனோஸ்போரிடியோசிஸ்! வாயில் நுழையாத இந்தப் பெயர் கொண்ட நோய் உலகத்திலேயே அதிகம் இருப்பது இந்தியாவிலும் இலங்கையிலும்தான். அதிலும் நம் தென்மாவட்டங்களுக்கு முதல் மரியாதை.

மூக்குக்குள் சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு, பார்ப்பதற்கு ஸ்ட்ராபெரி பழம் மாதிரி ஒரு சதை வளரும். வலிக்காது. அடைப்பு இருக்கும், லேசாகத் தொட்டாலே ரத்தம் வரும். “சூட்டுக்கு மூக்குல ரத்தம் வருது” என்று மாசக்கணக்கில் வெந்தயமும் இளநீரும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சில சமயம் கண்ணின் உள்ஓரத்திலும் இதே சதை தோன்றும்.

இந்தக் கிருமியை 1900-ல் அர்ஜென்டினாவில் ஸீபர் என்பவர் விவரித்தார். அது என்ன ஜாதி என்பதில் ரொம்ப வருஷம் குழப்பம். காளான் வகை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1990-களின் கடைசியில் அதன் மரபணுவைப் பார்த்தபோதுதான், அது மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் சொந்தக்காரன் என்று தெரிந்தது. தண்ணீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு அப்போது இன்னும் தெளிவானது. மாடுகளுக்கும் இது வரும். மாடும் மனிதரும் ஒரே குட்டையில் குளிக்கிற ஊர்களில் தொடர்ந்து தலைகாட்டுகிறது.

மாத்திரையால் இது கரையாது. ஆபரேஷன் செய்து எடுத்து, வேர்ப்பகுதியைச் சுட்டுவிட வேண்டும். அப்படியும் சிலருக்குத் திரும்ப முளைக்கும். அதைக் குறைக்க டாப்ஸோன் மாத்திரை கொடுப்பதுண்டு. ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போய், அதே குளத்தில் மறுபடியும் முங்கினால்? அப்புறம் டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை!

மூக்கில் ரத்தம் என்றால் சதைதான் காரணம் என்பதில்லை. குளத்தில் குளித்த பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் விட்டு விட்டு ரத்தம் கசிந்து, “உள்ளே என்னமோ நெளியுதும்மா” என்று சொன்னால், அட்டை ஏறியிருக்கலாம். கேட்கவே கூச்சமாக இருக்கிறதா? உண்மைதான். நீங்களே குச்சி, ஊக்கு விட்டுக் குடையாதீர்கள். டாக்டர் இடுக்கி போட்டு ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

சிராய்ப்பு வழியே எலி ஜுரம்

அமீபாவுக்கு மூக்கு என்றால், லெப்டோஸ்பைரா கிருமிக்கு வாசல் உங்கள் காலில் உள்ள சிராய்ப்பு. எலி, பெருச்சாளி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரில் இது வருகிறது. ஈரமும் கதகதப்பும் இருந்தால் தண்ணீரிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தோலில் வெட்டு, கொப்புளம், செருப்புக் கடி, ஊறிப்போன பாதம், கண், வாய்... எது கிடைத்தாலும் உள்ளே போய்விடும். கோடைமழை ஒன்று அடித்து, வயல், தெருவெல்லாம் கழுவிக்கொண்டு தண்ணீர் குளத்துக்கு வந்து சேர்கிறதே, அந்த வாரம்தான் இதற்குக் கொண்டாட்டம்.

இது ஏழை விவசாயி நோய், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 1998-ல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் ஒரு நீச்சல், சைக்கிள், ஓட்டப் போட்டி நடந்தது. எல்லோரும் கட்டுமஸ்தான விளையாட்டு வீரர்கள். போட்டி முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒவ்வொருவராக ஜுரத்தில் படுத்தார்கள். தொடர்புகொள்ள முடிந்த 834 பேரில் 98 பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. ஏரித் தண்ணீரில் இருந்தது லெப்டோஸ்பைரா!

குளித்து ஒன்று, இரண்டு வாரம் கழித்து திடீரென்று குளிர்ஜுரம் வரும். உடம்பெல்லாம் வலி, குறிப்பாகக் கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே துள்ளுவார்கள். கண் சிவந்திருக்கும், ஆனால் பூளை இருக்காது. பெரும்பாலோருக்கு இதோடு சரியாகிவிடும். சிலருக்குத்தான் காமாலை, சிறுநீர் குறைவது, நுரையீரலில் ரத்தக்கசிவு என்று முற்றும். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு பத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. இது வேறு காமாலை. சிறுநீரகமும் சேர்ந்து பழுதாகும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின், பெனிசிலின் போன்ற பழைய, விலை மலிந்த மருந்துகளே கேட்கும். இங்கேயும் டாக்டரிடம் சொல்ல வேண்டியது அதே வாக்கியம்தான்.

முழங்கால் பேர்ந்த பையன் காயம் ஆறும் வரை குளத்தில் இறங்க வேண்டாம். பிளாஸ்டர் ஒட்டி அனுப்புவது பாதிப் பாதுகாப்புதான். தண்ணீரில் அது ஐந்து நிமிஷம் தாங்காது. எருமை கிடக்கிற பக்கத்தை விட்டு, தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் பக்கமாகக் குளிக்கச் சொல்லுங்கள்.

குளித்து வந்தபின் தோலில் சொறி, தடிப்பு, நமைச்சல் கண்டால் பெரும்பாலும் அது நத்தைகளிலிருந்து வரும் பொடிப் புழுக்களின் வேலை. வாத்து, மாடுகளுக்கு உரிய புழு, ஆள் தெரியாமல் நம் தோலில் நுழைந்து அங்கேயே சாகிறது. சில நாளில் அடங்கிவிடும். வந்ததும் துண்டால் நன்றாகத் தேய்த்துத் துடைத்தாலே பாதி குறையும். ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கும் மகன், மருமகன் இருந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: மலாவி ஏரியும் விக்டோரியா ஏரியும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும், அங்குள்ள நத்தைப்புழு மனிதருக்கே உரியது. பில்ஹார்சியா நோய், சிறுநீரில் ரத்தம் என்று மாதங்கள் கழித்துத் தெரியும்.

பச்சை பெயின்ட் மாதிரி இருக்கிறதா?

கோடைக் கடைசியில் சில குளங்களில் பச்சை பெயின்டைக் கொட்டினாற்போல் ஓர் ஏடு படியும். காற்று அடிக்கிற பக்கத்துக் கரையில் திட்டாக ஒதுங்கும். குச்சியால் தூக்கிப் பாருங்கள். தலைமுடி மாதிரி இழை இழையாக வந்தால் சாதாரணப் பாசி. குச்சியில் நிற்காமல் பெயின்ட் மாதிரி வழிந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது பாசியே இல்லை, ஒரு வகை பாக்டீரியா. அதன் சில வகைகள் ஈரலையும் நரம்பையும் தாக்கும் விஷத்தை உண்டாக்குகின்றன. தண்ணீரைக் காய்ச்சினாலும் இந்த விஷம் போகாது.

ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இந்த ஏட்டைக் குடித்த ஆடு மாடுகள் செத்ததை ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் 1878-லேயே எழுதியிருக்கிறார். 2020-ல் போட்ஸ்வானா நாட்டில் 300-க்கும் மேற்பட்ட யானைகள் மர்மமாக இறந்தபோதும், காட்டுக் குட்டைகளில் இருந்த இந்த விஷமே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அந்தத் தண்ணீரில் குளித்தால் அரிப்பு, கண் எரிச்சல். இரண்டு வாய் விழுங்கினால் வாந்தி, பேதி. உங்களோடு வரும் நாய்க்குத்தான் ஆபத்து அதிகம், உடம்பை நக்கி நக்கியே விழுங்கிவிடும். பச்சை ஏடு கண்டால் அன்றைக்குக் குளியல் கிடையாது, அவ்வளவுதான்.

காது வலிக்கு இரண்டே வரி. குளத்துத் தண்ணீர் காதில் தங்கிப் புண்ணானால், காதுமடலை இழுத்தாலே வலிக்கும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். காதில் ஏற்கெனவே சீழ் வரும் பிள்ளைகள் முங்கவே வேண்டாம்.

தண்ணீருக்குள் குடியிருப்பவர்கள்

தண்ணிப் பாம்பைக் கண்டு அலறாதவர்கள் உண்டா? பாவம், அதற்கு விஷம் கிடையாது. மிதித்தால் கோபத்தில் வெடுக்கென்று கடிக்கும், ரத்தம் வரும், அதோடு சரி. ஆனால் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும்கூட நீந்தத் தெரிந்தவைதான். கரைப் புதரிலும் படித்துறைக் கல் இடுக்கிலும் தவளைக்காகக் காத்திருக்கும். கடித்தது எது என்று பட்டிமன்றம் நடத்தாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதே புத்திசாலித்தனம்.

வற்றிய குளத்தில் மீன் தடவுகிற பையன்களுக்குத் தேளி மீன் பரிச்சயம். பெயரிலேயே தேள் இருக்கிறதே! பக்கவாட்டு முள் குத்தினால் கடுகடுவென்று ஏறும். கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் குத்திய இடத்தை அரைமணி நேரத்துக்கு மேல் வைத்தால் வலி நன்றாகக் குறையும். சூட்டை முதலில் உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். முள் ஒடிந்து உள்ளே இருந்தால் டாக்டர்தான் எடுக்க வேண்டும். டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலை? சாதாரண ஊர்க் குளத்தில் பயமில்லை. ஆனால் டூர் போகிற இடங்களைக் கவனியுங்கள். அமராவதி அணை, சாத்தனூர், ஒகேனக்கல், பவானிசாகர், கொள்ளிடக் கரை... இவையெல்லாம் நன்னீர் முதலைகள் வாழும் இடங்கள். சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் குளிக்கவும் மாட்டைக் கழுவவும் இறங்கியவர்களை முதலை இழுத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. முட்டையும் குஞ்சும் இருக்கும் காலம் சரியாக நம் கோடை விடுமுறை. தாய் முதலை கரைப் பக்கமே காவல் இருக்கும். பகலில் மணலில் மரக்கட்டை போலப் படுத்திருப்பதைப் பார்த்து, இது சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். இரை தேடுவது அந்தி சாய்ந்து, இரவில். தண்ணீர் ஓரத்தில் குனிந்து துணி அலசுகிறவர்களும் குந்தி உட்கார்ந்திருப்பவர்களும்தான் அதற்கு வாகு. இலங்கையில் ஆற்றுத் துறைகளில் தண்ணீருக்குள் கம்பு நட்டு வேலி போட்டு, அதற்குள் குளிப்பார்கள். நம் பக்கம் எச்சரிக்கைப் பலகைதான். அந்தப் பலகையில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே தண்ணீரில் இறங்குகிற குடும்பங்களை என்ன சொல்வது!

ஆழம்தான் எல்லாவற்றுக்கும் மேல்

அமீபா, முதலை என்று இவ்வளவு நேரம் பேசினோம். எண்ணிக்கையில் பார்த்தால் இவையெல்லாம் கொசு. நிஜமான எமன், மூழ்கிப்போவது! 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வண்டல் எடுக்கக் குடைந்த பள்ளங்கள் கண்மாய்க்குள் கிணறு மாதிரி கிடக்கின்றன. முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் காணாமல் போகிறான். கைவிட்ட கல்குவாரியில் ஏறிவரப் படியோ சரிவோ கிடையாது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளம் எங்கே என்று மனப்பாடம். விருந்தாளியாக வந்த உங்கள் பிள்ளைக்கு? நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் இறங்கக் கூடாது. செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார். மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருகிற மாதிரி கத்திக் கூப்பிடாது, சத்தமில்லாமல் போய்விடும்.

மூழ்குகிறவனைப் பிடிக்க நீச்சல் தெரியாதவர் பாயக் கூடாது. புடவை, வேட்டி, கயிறு, மூங்கில், காலி பிளாஸ்டிக் குடம், எது அகப்படுகிறதோ வீசுங்கள். வெளியே எடுத்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம். அதில் போவது தண்ணீரல்ல, உயிர் பிழைக்க வேண்டிய நிமிஷங்கள். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை லேசாக நிமிர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தம், 2 முறை ஊதல் என்று மாற்றி மாற்றி, 108 வந்து சேரும் வரை விடாமல் செய்யுங்கள். இருமி, கண் விழித்து, “எனக்கு ஒண்ணுமில்லைம்மா” என்று எழுந்து உட்கார்ந்தாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். அதனால் குறைந்தது ஆறு, எட்டு மணி நேரமாவது டாக்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.